வெயிலையும் சேர்த்து வளர்ப்பது

பல்லிக்குக் காய்ச்சல் வருமா? 1970-களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளூகரும் அவருடைய சகாக்களும் இந்தக் கேள்வியைப் பாலைவன இகுவானாக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கோடியில் சூடும் மறு கோடியில் குளிர்ச்சியுமாக அமைந்த கூண்டில் அவற்றை விட்டார்கள். நோயில்லாதவை இரண்டுக்கும் இடையே போய்வந்து உடல் வெப்பத்தை 38 டிகிரியை ஒட்டியே வைத்துக்கொண்டன. நோய்க்கிருமி செலுத்தப்பட்டவை சூடான பக்கத்திலேயே கூடுதல் நேரம் படுத்துக்கிடந்து, வெப்பத்தைச் சுமார் 2 டிகிரி ஏற்றிக்கொண்டன. நமக்குத் தானாக வரும் காய்ச்சலை அவை நடந்து போய் வாங்கிக்கொண்டன. அடுத்து வந்த சோதனை இன்னும் முக்கியமானது. கிருமி தொற்றிய இகுவானாக்களுக்கு அந்த நடையை மறுத்து, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒரே வெப்பத்தில் அடைத்து வைத்தார்கள். 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. 34 டிகிரியில் இருந்தவை சில நாளில் மடிந்தன. 1975-இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த இந்த ஆய்வை, வீட்டில் ஊர்வன வளர்க்க நினைக்கும் எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

நம் உடம்புக்குள் அணையாத அடுப்பு ஒன்று எரிகிறது. சாப்பிடுவதில் பெரும்பங்கை அதற்கே கொடுத்து 37 டிகிரியைக் காப்பாற்றுகிறோம். ஊர்வன அந்தச் செலவைச் செய்வதில்லை. அதே எடையுள்ள பாலூட்டிக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ அவற்றுக்குப் போதும். ஆனால் வெப்பத்தை வெளியிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். தின்றது செரிப்பது, நோயை எதிர்ப்பது, தசை இயங்குவது எல்லாமே அது படுத்திருக்கும் கல்லின் சூட்டைப் பொறுத்தது. காட்டில் பாறையும் நிழலும் வளையும் காலை வெயிலும் அதன் உறுப்புகளாகவே வேலை செய்கின்றன. ஆகவே கடையிலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது பாதி விலங்கைத்தான். மீதிப் பாதியை, அதாவது அதன் வெயிலையும் நிழலையும் ஈரத்தையும், நாம்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். ‘நான் தயாரா?’ என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொண்டால் அந்தக் கேள்விக்கு முதல் பொருள் இதுதான். பாசம் அதற்குப் பிறகு வருகிறது.

ஊர்வன வளர்ப்பைப் பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. பக்கத்துக்குப் பக்கம் சூடேற்றுவதைப் பற்றியே பேசும். ஜோகூரின் பத்து பாகாட்டில் அந்தக் கையேட்டை அப்படியே பின்பற்றினால் விலங்கு வெந்துபோகும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு டிகிரிக்கும் குறைவான தொலைவில், மலாக்கா நீரிணையை ஒட்டி இருக்கிறது. ஆண்டு முழுக்கப் பகலில் 32 டிகிரி, இரவில் 24 டிகிரி. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். ஆண்டு இறுதி மழையில் காயப்போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும் ஊர் இது. இங்கே எந்த ஊர்வனவுக்கு எது இலவசமாகக் கிடைக்கிறது, எதை நாம் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கடைகளில் அதிகம் விற்கும் மூன்றை எடுத்துக்கொள்வோம். பால் பைத்தான் எனப்படும் சிறிய மலைப்பாம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பகலில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் ஒடுங்கிக் கிடக்கும். நம் ஊர் வெப்பம் அதற்கு ஏறக்குறையப் பொருந்திவிடும். தொல்லை ஈரத்தில் வரும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டியில் அடியில் விரித்த தாள் நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில்கள் பழுத்துப் புண்ணாகும். லெப்பர்ட் கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கற்பாங்கான நிலத்துப் பல்லி. காய்ந்த நிலம் வேண்டும். தோலுரிக்க மட்டும் ஈரமான ஒரு பொந்து வேண்டும். அந்தப் பொந்து இல்லாவிட்டால் பழைய தோல் விரல் நுனியில் வளையமாக ஒட்டிக்கொண்டு, இரத்த ஓட்டத்தை நெரித்து, விரலே உதிர்ந்துபோகும். தாடியுள்ள ஓணானான பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்தைச் சேர்ந்தது. வெயில் காயும் இடத்தில் அதற்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், ஆனால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். நம் காற்று ஒருநாளும் அப்படி உலர்வதில்லை. விலங்கு எவ்வளவு சாதுவாக இருந்தாலும், இந்த ஊரில் முதன்முறை வளர்ப்பவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வீட்டுக்குள்ளும் எல்லா அறையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தாமான் வரிசை வீடுகளில் கூரைக்கு அடியில் இருக்கும் மேல்மாடி அறை பிற்பகல் மூன்று மணிக்குத் தகிக்கும். அதே அறையில் இரவு ஏர்கோனை 20 டிகிரியில் வைத்துவிட்டுப் பிள்ளை போர்வைக்குள் தூங்கும். போர்வையில்லாத பல்லிக்கு அந்த இரவு, மாலையில் தின்ற புழுவைச் செரிக்க முடியாத இரவு. பாம்பு வயிற்றில் இரை செரிக்காமல் அழுகத் தொடங்கினால் அதைக் கக்கிவிடும். ஜன்னலோரம் வெயில் படும்படி வைத்த கண்ணாடித் தொட்டி இதற்கு நேர்மாறான ஆபத்து. சில நிமிடங்களில் உள்ளே கொல்லும் சூடு ஏறும். ஊர்வனவுக்கு வியர்க்காது. நிழலுக்கு நகர்வதுதான் அதற்குத் தெரிந்த முக்கிய வழி. அந்த நிழல் இல்லாவிட்டால் தப்புவது கடினம்.

வெப்பத்தைத் தொட்டு உணர்ந்துவிடலாம். வெயிலின் இன்னொரு பங்கை நம்மால் உணரவே முடியாது. புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை, ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை, தோலில் படும்போதுதான் அங்கிருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3 ஆகும் பயணத்தைத் தொடங்குகிறது. அந்த மாற்றம் முடியவும் உடல் சூடாக இருக்க வேண்டும். டி3 இல்லாமல் குடலிலிருந்து கால்சியம் இரத்தத்துக்கு ஏறாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் நின்றுவிடும் என்பதால், உடம்பு எலும்பை உடைத்துக் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்க, விலங்கு தின்றுகொண்டும் நடமாடிக்கொண்டும் இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காயும் ஆமைக்குச் சூடு கிடைக்கிறது, சத்து கிடைப்பதில்லை. இதற்கென்று விற்கும் குழல்விளக்கும் ஆறு மாதத்திலிருந்து ஓர் ஆண்டுக்குள் இந்தக் கதிரை இழந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும் குறையாமல் எரியும். எரிகிற விளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க மனம் வருகிறதா என்பது தயார்நிலைக்கு நல்ல சோதனை.

கடையில் ஓர் ஆமைக் குஞ்சை வாங்கும் முன்பு அதன் ஓட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குஞ்சுக்கு ஓடு சற்றே நெகிழும். அதற்கு மேல் வளர்ந்த ஆமைக்கு நகத்தைப் போல் கெட்டியாக இருக்க வேண்டும். ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தாலோ, விரலுக்கு ஓடு அமுங்கினாலோ, கண்ணிமை வீங்கி மூடியிருந்தாலோ, நீந்தும்போது ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தாலோ அது ஏற்கெனவே நோயாளி. சாய்ந்து மிதப்பது பெரும்பாலும் நுரையீரல் நோயின் அடையாளம். நம்மைப் போன்ற உதரவிதானம் இல்லாத ஆமையால் நன்றாக இருமிச் சளியைத் தள்ள முடியாது. அதனால் மனிதருக்கு ஒரு வாரத்தில் தீரும் சளி ஆமைக்குள் மாதக்கணக்கில் தங்கும்.

ஊர்வன வளர்ப்பில் மிகவும் வருத்தம் தருவது அதன் மெதுவான வேகம். நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் வீடே கலங்கும். பால் பைத்தான் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் இருக்கும். அது இயல்பாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். குறைவாக எரியும் உடம்பு பட்டினியை நெடுநாள் தாங்கும். தவறான வளர்ப்பையும் அதேபோல் தாங்கும். ஆகவே ஓர் ஆமை இரண்டு ஆண்டு உயிரோடிருந்தது என்பதற்கு அது நன்றாக வாழ்ந்தது என்று பொருளல்ல. அது இரண்டு ஆண்டாகச் செத்துக்கொண்டிருந்திருக்கலாம். குரைக்காத, அழாத, முகம் மாறாத உயிரின் நிலையை எடையாலும் எச்சத்தாலும் ஓட்டின் கெட்டித்தன்மையாலும் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு சமையல் தராசும் ஒரு குறிப்பேடும் இல்லாமல் இந்த வளர்ப்பில் இறங்கக் கூடாது.

பாசார் மாலாமில் சிறிய பிளாஸ்டிக் தொட்டியில், நடுவே பச்சைத் தென்னை நட்ட ஒரு தீவுடன் விற்கும் குஞ்சுகளை எல்லோரும் பார்த்திருப்போம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட அந்தச் செங்காது ஆமை, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. விற்கும்போது 50 சென் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது. வளர்ந்தால் ஓடு மட்டும் 25 சென்டிமீட்டரைத் தாண்டும், ஆயுள் முப்பது ஆண்டுக்குப் போகும். 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து 5 கோடிக்கும் மேற்பட்ட குஞ்சுகள் உலகமெங்கும் ஏற்றுமதியாயின. அந்தத் தொட்டியில் எந்த ஆமையும் முழு வளர்ச்சி அடைய முடியாது. வளர்ந்த ஒன்றுக்குக் குளியலறைத் தொட்டியை விடப் பெரிய நீர்ப்பரப்பும், வடிகட்டியும், ஏறிக் காயும் மேடும், மேலே அந்தக் கதிர்விளக்கும் வேண்டும். குஞ்சின் விலையைவிட விளக்கின் விலை அதிகம் என்பதைக் கடைக்காரர் யாரும் முதலில் சொல்வதில்லை.

பெரிதாகி நாற்றமடிக்கத் தொடங்கியதும் அது எங்கே போகிறது? ஏரிக்கு, ஆற்றுக்கு, கோயில் குளத்துக்கு. பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி ஆலயத்து ஆமைக் குளத்தையும், ஈப்போ சாம் போ தோங் குகைக் கோயில் குளத்தையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உயிரை விடுவிப்பது புண்ணியம் என்ற நம்பிக்கை உண்மையானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் குளத்தில் விட்ட ஆமைக்கு அது விடுதலையும் அல்ல, அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களுக்கு நன்மையும் அல்ல. உலகின் மிக மோசமான நூறு அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களில் வாழும் மலாயாப் பெட்டி ஆமைக்கு, இரைக்கும் வெயில் காயும் கட்டைக்கும் ஒரு போட்டியாளரைக் கொண்டுவந்து இறக்குகிறோம்.

தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று நட்சத்திர ஆமை. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான், பாகிஸ்தானின் சிந்து, இலங்கையின் வறண்ட பகுதிகள் ஆகியவை அதன் தாயகம். கருப்பு ஓட்டில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரியும். கையில் வைத்துப் பார்த்தால் நகை வேலைப்பாடாகத் தெரியும் அந்தக் கோலம், காய்ந்த புல்லுக்குள் ஆமையின் உருவத்தை உடைத்து மறைக்கும் வேலையைச் செய்கிறது. அந்த அழகே அதற்குப் பகையாயிற்று. நீல் டி’குரூஸ் முதலான ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, ஆந்திர, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரே ஒரு வணிக மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகக் கணித்தது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணப் பெட்டிக்குள் சுற்றி அடைத்த நட்சத்திர ஆமைகளைச் சுங்கத் துறை பிடித்த செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். அவற்றில் பல, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் போகவிருந்தவை. செல்வம் சேரும் என்று நம்பியும், ஓட்டின் அழகுக்காகவும் வாங்குகிறார்கள்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் மாநாடு 2019 ஆகஸ்டில் ஜெனிவாவில் கூடியபோது, இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் கேட்டுக்கொண்டபடி, நட்சத்திர ஆமையை இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு ஏற்றியது. காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு அதோடு கதவு மூடப்பட்டது. மூடினாலும் ஏற்கெனவே வெளியேறியவற்றை வீட்டுக்கு அனுப்புவது எளிதல்ல. சிங்கப்பூரில் பிடிபட்டு இந்தியாவுக்குத் திரும்பிய ஆமைகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று அறிய, ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து விஞ்ஞானிகள் அவற்றின் மரபணுவையே ஆராய வேண்டியிருந்தது. அந்த ஆய்வு 2006-இல் வெளியானது. எங்கே பிடித்தது என்று தெரியாத ஆமையை எந்தக் காட்டில் விடுவது? தவறான இடத்தில் விட்டால் நோயும் கலப்பும் பரவும். 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்குத் திரும்பியபோது அது பெரிய செய்தியாயிற்று. பிடிபடாமல் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தவற்றுக்கு அந்தப் பயணம் இல்லை. நண்பர் ஒருவர் ‘ஊரிலிருந்து வந்தது, வளர்க்கிறாயா?’ என்று ஒன்றை நீட்டினால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பரிதாபப்பட்டு வாங்கும் ஒவ்வொரு ஆமையும் அடுத்த பெட்டிக்கு முன்பணம்.

உள்ளூர் ஊர்வனவும் சட்டத்துக்கு வெளியே இல்லை. செம்பனைத் தோட்டத்தில் எலி தேடி வரும் பெரிய மலைப்பாம்பும், சாக்கடையோரம் திரியும் நீர் உடும்பும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்டவை. குலை வெட்டும்போது கிடைத்த மலைப்பாம்புக் குட்டியைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் வைத்திருந்த குற்றமாகும். 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, இந்தச் சட்டத்தின் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையும் சிறை 15 ஆண்டு வரையும் போகலாம். வெளிநாட்டு இனங்களுக்கு 2008-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரின வணிகச் சட்டமும் சேரும். கடையில் காட்டும் உரிமம் கடைக்காரருடையது. உங்கள் பெயரில் எது வேண்டும் என்று பணம் கொடுப்பதற்கு முன் பெர்ஹிலித்தானிடமே கேட்டுவிடுங்கள். இனத்தின் பெயரை அறிவியல் பெயரோடு எழுதிக்கொண்டு போய்க் கேட்பது நல்லது. கடைப்பெயர் ஆளுக்கு ஆள் மாறும்.

இனி வீட்டார். பாம்புக்கு எலிதான் சாப்பாடு. உயிருள்ள எலியைப் போட்டால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். ஆகவே உறையவைத்த எலியை வாங்கி, உருக்கி, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதே முறை. அதை எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமை சைவம் காக்கும் வீட்டு ஐஸ்பெட்டியில், சாமிக்குப் படைக்கும் பாலுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. “தனியா ஒரு சின்னப் பெட்டி வாங்கி என் ரூம்ல வச்சுக்கிறேன்மா” என்று மகன் சொல்லலாம். “நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனா யாருய்யா அத எடுத்துக் குடுக்கிறது?” என்று அம்மா கேட்டால், அது பிடிவாதம் அல்ல, சரியான கேள்வி. புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்து வணங்கி வளர்ந்த பாட்டிக்கு, நாகம் கோயிலில் இருப்பது ஒன்று, படுக்கையறைக் கூண்டில் இருப்பது வேறு. அந்த வீட்டில் அவர் நிம்மதியாக உறங்க முடியுமா என்பதும் தயார்நிலைக் கணக்கில் வரும்.

அம்மாவின் கேள்விக்கு ஒரு பாம்பின் வயதே பதில் சொல்லும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலைக்கு 1961-இல் தனியார் ஒருவர் கொடுத்த பால் பைத்தான், 2020 ஜூலையில் முட்டையிட்டது. அப்போது அதற்குக் குறைந்தது 62 வயது. வீடுகளில் இருபது, முப்பது ஆண்டு சாதாரணம். பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தில் வாங்கும் பாம்பு, வாங்கியவர் பாரிட் ராஜா பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ படித்து, ஜோகூர் பாருவிலோ சிங்கப்பூரிலோ வேலை தேடி, கல்யாணம் கட்டி, வீடு மாறி, பிள்ளை பெற்ற பிறகும் உயிரோடிருக்கும். வாடகை அறையில் தங்கும் மாணவருக்கு ஒவ்வொரு பருவ விடுமுறையும் ஒரு சிக்கல். பெற்றோர் ஏற்றுக்கொள்ளாமல் தொடங்கும் வளர்ப்பு, கடைசியில் பெற்றோர் தலையில்தான் விடியும்.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் என் பதில் திட்டவட்டமானது: இப்போது வேண்டாம். ஊர்வனவின் குடலில் சால்மொனெல்லா கிருமி இயல்பாகவே வாழும். விலங்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஓட்டிலும் தோலிலும் தொட்டித் தண்ணீரிலும் அது இருக்கும். சிறு குழந்தைக்கு அது கடும் வயிற்றுப்போக்கோடு நிற்காமல் இரத்தத்திலும் கலக்கலாம். சின்ன ஆமைகளைக் குழந்தைகள் வாயில் வைத்ததால் நோய் பரவியதைக் கண்டுதான், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டிலும் தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. விலங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

பத்து பாகாட்டுக்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது, வெள்ளம். 2006, 2007 வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். 2023 மார்ச்சில் ஜோகூரில் மிக மோசமாக அடிபட்டது நம் மாவட்டம்தான். யோங் பெங், ஸ்ரீ மேடான் பக்கங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிவாரண மையங்களில் தங்கின. மின்சாரம் துண்டிக்கப்பட்டால் விளக்கும் வடிகட்டியும் நிற்கும். வீட்டை விட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னால், அந்தப் பாம்பை எதில் வைத்து எடுத்துப் போவீர்கள்? பூட்டக்கூடிய, காற்றுத் துளையுள்ள பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். வெள்ளம் வராத பகுதியில் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வீடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நிவாரண மையத்துப் பள்ளி மண்டபத்தில், பாயில் படுத்திருக்கும் அந்நியர்களுக்கு நடுவே பாம்புப் பெட்டியை வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தால் தண்ணீர் ஏறும்போது ஆமை நீந்திச் சிம்பாங் கானான் ஆற்றுக்குப் போய்விடும், பல்லி மூழ்கிச் சாகும்.

மருத்துவர் விஷயத்தில் ஒன்றே ஒன்று. விலங்கை வாங்கும் முன்பே, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். நாய், பூனை பார்ப்பவர்கள் எல்லோரும் ஆமை பார்ப்பதில்லை. பத்து பாகாட்டிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர், செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு இருநூறுக்கும் மேல். நோயுற்ற விலங்கோடு அந்தத் தூரம் போய்வரும் பெட்ரோலும் விடுப்பும் வளர்ப்புச் செலவுதான்.

இவ்வளவையும் படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது நல்ல ஆசை. ஊர்வனவைக் கூர்ந்து பார்ப்பது பெரிய இன்பம். பர்மா மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கிய 48 மணி நேரத்தில் அதன் இதயம் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். இரை எடுத்த பாம்பை இரண்டு நாளாவது தொடாதே என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால், உடம்பு தன்னையே திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கும் அந்த வேலை இருக்கிறது. தோலுரிக்கும் முன் பாம்பின் கண் பால் நிறமாக மங்கும், சில நாளில் தெளியும், அதற்குப் பிறகு உதட்டோரத்தில் தோல் பிளக்கும். இமையில்லாத கண்ணை மூடியிருந்த வட்டச் செதிலும் சேர்ந்து உரிந்திருக்கிறதா என்று உரித்த தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு சிறு தெளிந்த வட்டங்கள் தெரிந்தால் எல்லாம் சரி.

சொந்தமாக வைத்திருக்காமலும் இந்த இன்பம் கிடைக்கும். கோலாலம்பூரை ஒட்டிய ஸூ நெகாராவிலும், ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிவைத்த சென்னை முதலைப் பண்ணையிலும் ஒரு விலங்கின் செலவை ஏற்றுத் தத்தெடுக்கும் திட்டம் உண்டு. விலங்கு அங்கேயே, அதை அறிந்தவர்கள் கையில் இருக்கும். பலருக்கு இதுவே சரியான தத்தெடுப்பு என்பது என் எண்ணம்.

வீட்டிலேயே வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது ஒரு வெறுந்தொட்டிச் சோதனை. விலங்கை வாங்காதீர்கள். தொட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட், சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானி, ஓர் ஈரப்பதமானி, இவற்றை மட்டும் வாங்கி, விலங்கு உள்ளே இருப்பதாகவே வைத்து நடத்துங்கள். காலையில் விளக்கைப் போட்டு மாலையில் அணையுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கழுவி மாற்றுங்கள். காலை ஏழு, பிற்பகல் மூன்று, இரவு பதினொன்று என்று மூன்று வேளையும் வெப்பத்தையும் ஈரத்தையும் எழுதுங்கள். டிசம்பர் மழையும் தீபாவளிப் பயணமும் ஒரு மின்தடையாவதும் இதற்குள் வரும்படி மூன்று மாதம் செய்யுங்கள். ஊருக்குப் போகும்போது யார் வந்து கிண்ணத்தை மாற்றினார்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதக் குறிப்பேட்டில் விட்டுப்போன நாட்கள் நிறைய இருந்தால் தொட்டியை விற்றுவிடலாம், எந்த உயிருக்கும் கேடில்லை. குளிர்ந்த பக்கம் பிற்பகலில் 32 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் தொட்டியைக் கீழ்மாடிக்கு மாற்றி, மறுபடியும் முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.